நெகிழ்வை அனுமதிப்பது யார்? உடல்-மனப் பயிற்சி முறைகள் குறித்து ஒரு விளக்கம்

முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முயலும் ஒருவர், விரல்நுனி கணுக்காலை எட்டுவதற்கு முன்பே தொடையின் பின்புறம் இழுத்துப் பிடிப்பதை உணர்ந்து நின்றுவிடுகிறார். தசை குட்டையாகிவிட்டது, அதை இழுத்து நீட்ட வேண்டும் என்பதே அவருக்கு முதலில் தோன்றும் விளக்கம். ஆனால் அறுவைச் சிகிச்சைக்காக முழு மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒருவரின் காலை மருத்துவர் தூக்கிப் பார்க்கும்போது, விழித்திருந்தபோது எட்டாத உயரத்துக்கு அது போய்விடுவது உண்டு. அந்தச் சில நிமிடங்களில் தசையின் நீளம் மாறியிருக்க வழியில்லை. இதற்கு மேல் போகாதே என்று தடுத்துக்கொண்டிருந்த நரம்பு மண்டலத்தின் காவல் மட்டுமே விலகியிருக்கிறது.

யோகாசனம், தாய் சீ, பிலாட்டீஸ், அலெக்சாண்டர் உத்தி, ஃபெல்டன்கிரைஸ் முறை என்று உடலையும் மனத்தையும் சேர்த்தே பழக்கும் முறைகளைப் புரிந்துகொள்ள இந்தக் காவலிலிருந்து தொடங்குவதே நல்லது என்று நினைக்கிறேன். இம்முறைகள் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நோக்கங்களுக்காக, ஒன்றையொன்று பெரும்பாலும் அறியாமலேயே உருவானவை. ஆயினும், தசையை மட்டும் தனியே எடுத்துப் பழக்க முடியாது, அதை இயக்குகிற கவனத்தையும் உணர்வையும் சேர்த்தே பழக்க வேண்டும் என்ற ஓர் எண்ணத்தில் அவை ஒன்றுபடுகின்றன. அந்த எண்ணம் எந்த அளவுக்குச் சரி, எந்த இடத்தில் அது மிகைப்படுத்தப்படுகிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தசையை நீட்டும் பயிற்சியில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஒவ்வொரு தசைக்குள்ளும் கதிர் வடிவில் மிக நுண்ணிய உணர்விகள் பொதிந்துள்ளன. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்ற இரண்டையும் அவை தண்டுவடத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கின்றன. தசை சட்டென்று நீட்டப்பட்டால், மூளையின் அனுமதிக்குக் காத்திராமல் தண்டுவடமே அதைச் சுருங்கச் செய்கிறது. மருத்துவர் சிறு சுத்தியலால் முழங்காலின் கீழ் தட்டும்போது கால் துள்ளுவதற்கும் இதுவே காரணம். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் கோல்கி உணர்விகள் என்று வேறொரு வகை உண்டு. அவை நீளத்தை அளப்பதில்லை, இழுவிசையை அளக்கின்றன. மெதுவாக, மூச்சை அடக்காமல், ஒரு நிலைக்குள் போய் அங்கேயே சற்று நேரம் தங்கும்போது இந்த எச்சரிக்கைகள் தணிகின்றன.

மூன்று முதல் எட்டு வாரங்கள் தசை நீட்டும் பயிற்சி செய்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த ஒரு கட்டுரை, அவர்களுக்குக் கிடைத்த கூடுதல் நெகிழ்வின் பெரும்பகுதி தசை நீண்டதால் வந்ததன்று, இழுவையை உணரும் விதம் மாறியதால் வந்தது என்ற முடிவை முன்வைத்தது. அதாவது, முன்பு ஆபத்து என்று கருதப்பட்ட அதே இழுவை, பழகியபின் தாங்கக்கூடியதாக மதிப்பிடப்படுகிறது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பழகுவோரிடம் திசுக்களிலும் மாற்றம் ஏற்படுவதை இது மறுக்கவில்லை. முதல் சில வாரங்களில் கிடைக்கும் பலன் எங்கிருந்து வருகிறது என்பதையே இது சொல்கிறது.

வலிமைக்கும் இதே கதை உண்டு. எடை தூக்கத் தொடங்கியவரின் தசை பருக்கும் முன்பே அவர் தூக்கும் எடை கூடிவிடுவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். இந்தத் தொடக்கக்கால வலிமையின் பெரும்பங்கு நரம்புகளின் பங்களிப்பு என்றும், தசையின் பருமன் அதன் பின்னரே கணிசமாகக் கூடுகிறது என்றும் 1979இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உறங்கிக் கிடந்த தசை நார்களை ஒரே நேரத்தில் எழுப்பவும், தேவையற்ற எதிர்த்தசையைத் தளர்த்தவும் நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. ஆகவே, தொடக்கத்திலாவது நெகிழ்வும் வலிமையும் ஒரு வகைக் கல்வியே. அந்தக் கல்விக்குத் தேவையான தகவல் உடலுணர்விலிருந்து கிடைக்கிறது.

கண்ணை மூடினாலும் கை எங்கிருக்கிறது என்று தெரிவது எப்படி

இருட்டில் மூக்கைத் தொட்டுக்கொள்ள நமக்குக் கண் தேவைப்படுவதில்லை. தசை, தசைநாண், மூட்டு, தோல் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளைக் கொண்டு உறுப்புகளின் இருப்பிடத்தையும் அசைவையும் அறியும் இந்த ஆற்றலை ஆங்கிலேய உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் தனிப் புலனாகப் பிரித்துப் பெயரிட்டார். தமிழில் இதை உடல்நிலை உணர்வு என்று சொல்லலாம். பார்வை இழப்பை உடனே உணரும் நாம், இப்படியொரு புலன் இருப்பதையே அறியாமல் வாழ்நாளைக் கழித்துவிடுகிறோம்.

இதை இழந்தால் என்னவாகும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் நன்கு பதிவான ஒரு சான்று உண்டு. 1971இல், பத்தொன்பது வயது இளைஞர் ஒருவருக்குத் தொற்றுக் காய்ச்சலைத் தொடர்ந்து கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் உடல்நிலை உணர்வும் அறவே போய்விட்டன. தசைகளை இயக்கும் நரம்புகள் நன்றாகவே இருந்தன, வலிமை குறையவில்லை. ஆனாலும் அவரால் நிற்கவோ, உட்காரவோ, கையை ஓரிடத்தில் வைத்திருக்கவோ முடியவில்லை. பல மாத உழைப்புக்குப் பிறகு ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்துவிட்டால் மீண்டும் சரிந்து விழக்கூடிய நிலையே தொடர்ந்தது. தசை வலிமையை மட்டும் அளந்து ஓர் உடலின் திறனை மதிப்பிடுவது எவ்வளவு குறையுடையது என்பதை இந்த ஒரு வாழ்க்கையே சொல்லிவிடுகிறது.

நலமாக இருப்பவர்களிடமும் இந்த உணர்வு எங்கும் ஒரே கூர்மையில் இருப்பதில்லை. நரம்பியல் அறுவை வல்லுநர் வைல்டர் பென்ஃபீல்டு 1937இல் வெளியிட்ட, உடலுறுப்புகளின் உணர்வு மூளையில் பதியும் இடங்களைக் காட்டும் வரைபடத்தில் விரல்களுக்கும் உதடுகளுக்கும் பெரிய இடமும், முதுகு முழுவதற்கும் மிகச் சிறிய இடமுமே இருந்தன. கட்டைவிரலின் நுனி எங்கே இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல முடிகிற நம்மால், முதுகெலும்பின் எந்தப் பகுதி வளைந்திருக்கிறது, எந்தப் பகுதி அசையாமல் விறைத்திருக்கிறது என்று எளிதில் சொல்ல முடிவதில்லை. நாள் முழுதும் உட்கார்ந்து பணிபுரிபவருக்கு வலி பெரும்பாலும் வருவதோ நாம் தெளிவாக அறியாத அந்தப் பகுதியில்தான்.

சரி என்று தோன்றுவது சரிதானா

இந்த இடத்தில் சிக்கல் தொடங்குகிறது. அதை மிகத் தெளிவாகக் கண்டுகொண்டவர் மருத்துவரோ விளையாட்டு வீரரோ அல்லர். மேடையில் கவிதையும் நாடகப் பகுதிகளும் ஒப்பிக்கும் கலைஞர். ஃபிரெடெரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர் 1869இல் தாஸ்மானியாவில் பிறந்தவர். மேடையில் பேசும்போது அவருக்குக் குரல் கம்மிவிடும், ஓய்வெடுத்தால் சரியாகும், மீண்டும் மேடை ஏறினால் மீண்டும் கம்மும். தொண்டையில் நோய் இல்லையென்றால், பேசும்போது தானே ஏதோ செய்கிறோம் என்று முடிவுசெய்த அவர், கண்ணாடி முன் நின்று தம்மைக் கவனிக்கத் தொடங்கினார். பேச வாயெடுத்ததும் தலையைப் பின்னுக்கு இழுப்பதையும், குரல்வளையை அழுத்துவதையும், வாயால் ஓசையோடு மூச்சை இழுப்பதையும் கண்டார்.

தலையைப் பின்னுக்கு இழுக்கக்கூடாது என்று தீர்மானித்து அதை முன்னே கொண்டுசெல்ல முயன்றார், கொண்டுசென்றுவிட்டதாகவே உணர்ந்தார். பக்கவாட்டில் மேலும் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தபோது, தலை இன்னமும் பின்னுக்கே போய்க்கொண்டிருந்தது. தாம் செய்வதாக உணர்வது வேறு, உண்மையில் செய்வது வேறு என்பது அவருக்குப் பேரதிர்ச்சியாக இருந்தது. நெடுநாள் பழக்கம் எதுவோ அதுவே இயல்பு என்று உடல் கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உடலைத் திருத்தப் போனால், தவற்றையே மேலும் அழுத்தமாகச் செய்கிறோம். நிமிர்ந்து உட்கார் என்று சொன்னதும் நெஞ்சை விடைத்து இடுப்பை வளைத்துக்கொள்கிறவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருக்கு அது நேராக இருப்பதாகவே தோன்றும். உண்மையாகவே நேராக அமரவைத்தால் முன்னே சாய்ந்துவிட்டதாகப் பதறுவார்.

அலெக்சாண்டர் கண்ட வழி, செயலைத் தொடங்கும் அந்தக் கணத்தில் நிறுத்திவைப்பது. பேச வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததும் பழக்கம் பாய்ந்து வருகிறது. அந்தப் பாய்ச்சலுக்கு இடம் கொடாமல் ஒரு கணம் தாமதித்து, கழுத்து தளர்ந்திருக்கட்டும், தலை மேல்நோக்கிப் போகட்டும், முதுகு நீளட்டும் என்று மனத்தால் திசைகாட்டி, அதன் பிறகே பேசுவதோ பேசாமலிருப்பதோ. 1904இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்து 1955இல் இறக்கும்வரை பெரும்பாலும் அங்கே கற்பித்தார். தத்துவ அறிஞர் ஜான் டூயி அவரிடம் பாடம் கேட்டார். 1973இல் நோபல் பரிசு பெற்ற விலங்கியலாளர் நிகோ டின்பெர்கன் தமது ஏற்புரையின் ஒரு பகுதியை அலெக்சாண்டரின் உத்திக்கே ஒதுக்கினார்.

உணர்வை அப்படியே நம்ப முடியாது என்றால் உடலைக் கற்பிப்பது எப்படி? உடல்-மனப் பயிற்சி முறைகளை அவற்றின் ஆசனங்களையும் கருவிகளையும் கொண்டு வகைப்படுத்துவது வழக்கம். அதைவிட, இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொன்றும் என்ன விடை வைத்திருக்கிறது என்று பார்ப்பது அவற்றின் உள்ளமைப்பைத் தெளிவாகக் காட்டும்.

அலெக்சாண்டரின் விடை முதலில் கண்ணாடி, பின்னர் ஆசிரியரின் கை. மாணவர் நாற்காலியிலிருந்து எழும்போதும் அமரும்போதும் ஆசிரியர் அவரது கழுத்திலும் முதுகிலும் இலேசாகக் கை வைத்து, எந்தக் கணத்தில் இறுக்கம் தொடங்குகிறது என்று காட்டுகிறார்.

மோஷே ஃபெல்டன்கிரைஸின் விடை வேறு. 1904இல் இன்றைய உக்ரைனில் உள்ள ஸ்லாவூட்டாவில் பிறந்து, பாரிசில் பொறியியலும் இயற்பியலும் பயின்று, ஃபிரெடெரிக் ஜோலியோ-கியூரியின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் அவர். ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோவை 1933இல் பாரிசில் சந்தித்தார். அக்கலையை ஐரோப்பாவில் பரப்பியவர்களுள் ஒருவரானார். கால்பந்தாட்டத்தில் காயம்பட்ட முழங்காலுக்கு அறுவைச் சிகிச்சையை ஏற்க மறுத்து, எந்த அசைவில் முழங்காலுக்குச் சுமை கூடுகிறது என்று தாமே ஆராய்ந்ததிலிருந்து அவரது முறை பிறந்தது.

தூண்டல் பெரிதாக இருக்கும்போது அதில் ஏற்படும் சிறு வேறுபாடு புலனாகாது என்பது 19ஆம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் வேபர் கண்ட விதி. வெறும் உள்ளங்கையில் ஒரு நாணயத்தை வைத்தால் தெரியும்; நிறைகுடத்தைச் சுமப்பவரின் குடத்துக்குள் அதே நாணயத்தைப் போட்டால் தெரியாது. முயற்சி பெரிதாக இருக்கும்போது தன் உடலில் நடக்கும் நுண்ணிய தவறுகளை ஒருவர் உணர முடியாது என்பதை இவ்விதியிலிருந்து ஃபெல்டன்கிரைஸ் பெற்றார். அதனால் அவரது பாடங்களில் மாணவர் பெரும்பாலும் தரையில் படுத்திருக்கிறார். புவியீர்ப்பை எதிர்த்து நிற்கும் வேலை தசைகளுக்கு அங்கே இல்லை. தலையைச் சில பாகை மட்டும் திருப்புகிறார், இடுப்பை ஒரு விரற்கடை உருட்டுகிறார், அடிக்கடி ஓய்வெடுக்கிறார். முதுகின் எந்தப் பகுதி தரையைத் தொடுகிறது, எது தொடவில்லை என்று தரையே அவருக்குச் சொல்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே பயிற்சி நடப்பதாகவே தெரியாது. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பழக்கிவிட்டு மல்லாந்து படுக்கும்போது இரு தோள்களும் தரையில் வெவ்வேறு விதமாகக் கிடப்பதை உணர்கிற மாணவர், தசையை இழுக்காமலேயே ஏதோ மாறியிருக்கிறது என்பதை அறிகிறார்.

தாய் சீ இதே நோக்கத்தை மெதுவான அசைவால் அடைகிறது. சீனப் போர்க்கலையாக வளர்ந்த இதில் முழங்கால்கள் சற்று மடங்கியே இருக்க, உடலின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு இடையறாது மாறிக்கொண்டே இருக்கும். வேகமாக நடக்கும்போது உந்துவிசை நம்மைச் சுமந்துவிடுகிறது. மெதுவாகக் காலை எடுத்து வைக்கும்போது எடை எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு கணமும் அறிந்தாக வேண்டும். 1956இல் சீன அரசு வகுத்த 24 அசைவுகள் கொண்ட எளிய தொடரே இன்று உலகில் பலரும் முதலில் கற்பது.

யோகத்தில் ஆசனத்துக்குப் பதஞ்சலி தரும் இலக்கணம் இரண்டே சொற்கள்: நிலையானதாகவும் சுகமானதாகவும் இருப்பது. இந்த இரண்டும் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டே இருக்கின்றன. நிலைத்திருக்கும்போது மூச்சு திணறினால் சுகம் இல்லை. சுகம் தேடித் தளர்ந்தால் நிலை இல்லை. மூச்சே இங்கே அளவுகோல். இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் ஆசனத் தொடர்கள் பலவற்றின் வடிவம், 1930களில் மைசூரு அரண்மனையில் கற்பித்த டி. கிருஷ்ணமாச்சாரியாரும் அவரிடம் பயின்றவர்களும் வகுத்தது. அவர்களுள் பி. கே. எஸ். ஐயங்கார், பட்டை, மரக்கட்டை, கயிறு, நாற்காலி ஆகியவற்றைத் துணைக்கருவிகளாக்கினார். கை தரையை எட்டாதவருக்கு மரக்கட்டை உயரத்தைக் கொடுக்கிறது. அதோடு, உடல் எங்கே சாய்கிறது என்ற செய்தியையும் கொடுக்கிறது. இரண்டாவது பயன் முதலாவதைவிட முக்கியமானது என்பது என் கருத்து.

ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியின் மொன்ஷென்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். சிறுவயதில் ஆஸ்துமாவும் கணைநோயும் கொண்ட நலிந்த குழந்தை. முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் எதிரிநாட்டவராகத் தடுத்துவைக்கப்பட்டிருந்த காலத்தில் தம் பயிற்சிகளைச் செப்பனிட்டார். அங்கே கட்டிலில் சுருள்வில்களைப் பொருத்தி நோயாளிகளுக்குப் பயிற்சியளித்தார் என்ற செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1920களில் தொடங்கி நியூயார்க்கில் அவரும் அவரது வாழ்க்கைத்துணை கிளாராவும் நடத்திய கூடத்துக்கு, பின்னாளில் ஜார்ஜ் பாலன்சின் போன்ற நடன மேதைகள் தங்கள் கலைஞர்களை அனுப்பினார்கள். தம் முறைக்கு அவர் வைத்த பெயர் கட்டுப்பாட்டியல் என்ற பொருள்படுவது. பிலாட்டீஸ் என்ற பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அவரது கருவிகளில் சுருள்வில்லின் பங்கு கவனிக்கத்தக்கது. இரும்புக் குண்டின் எடை தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றே. சுருள்வில்லோ நீள நீள எதிர்ப்பைக் கூட்டுகிறது. திரும்பும்போது கைவிட்டால், பயிற்சி செய்பவரைத் தாங்கி முன்னும் பின்னும் நகரும் வண்டித்தட்டைப் படாரென்று இழுத்துக்கொள்கிறது. ஆகவே தள்ளும்போது இருந்த கவனம் திரும்பும்போதும் இருந்தாக வேண்டும். கவனம் தவறியதை ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் இந்தத் திரும்பு பயணத்தில் நெகிழ்வும் வலிமையும் ஒருசேரப் பழக்கப்படுகின்றன.

மூச்சைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உதரவிதானம் மூச்சுக்கான தசை மட்டும் அன்று. அதன் வேர்கள் இடுப்பு முதுகெலும்பின் மேற்பகுதியில் பற்றியிருக்கின்றன. வயிற்றின் ஆழத்தில் குறுக்காக ஓடும் தசை, இடுப்புத்தளத் தசைகள், முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள் ஆகியவற்றோடு சேர்ந்து அது வயிற்றறையின் அழுத்தத்தைச் சீர்படுத்தி முதுகைத் தாங்குகிறது. மேலும், வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் செல்வாக்குக் கூடி இதயத்துடிப்புச் சற்றுக் குறைகிறது; நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு என்ற வேகத்தில் இந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகிறது. காவலைத் தளர்த்தும்படி நரம்பு மண்டலத்திடம் கேட்க நம்மிடம் உள்ள மிக நேரான வழி நீண்ட வெளிமூச்சே.

ஆய்வுகள் எதுவரை துணை நிற்கின்றன

இம்முறைகளை நேசிப்பவர்களே ஆய்வு முடிவுகளை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். பிரிட்டனில் நாட்பட்ட அல்லது அடிக்கடி திரும்பிவரும் முதுகுவலியுள்ள 579 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்கள் ஓராண்டுக்குப் பின் நான்கு வாரத்தில் 21 நாள்கள் வலியோடு இருந்தார்கள். அலெக்சாண்டர் உத்தியில் 24 பாடங்கள் பெற்றவர்களுக்கு அது 3 நாள்களாகக் குறைந்திருந்தது. பாடம் முடிந்து பல மாதங்கள் கழித்தும் பலன் நின்றது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. மூத்த வயதினர் விழுவதைத் தடுப்பது குறித்து 108 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை, உடற்பயிற்சியால் விழும் எண்ணிக்கை 23 விழுக்காடு குறைகிறது என்று கண்டது. அங்கே வலுவான இடம் பெற்றவை சமநிலையையும் அன்றாட அசைவுகளையும் பழக்கும் பயிற்சிகள், விழும் எண்ணிக்கையைப் பொறுத்தவரை தாய் சீக்கான சான்று அதைவிடக் குறைந்த உறுதியுடையது. பார்கின்சன் நோயுள்ள 195 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், தாய் சீ பழகியவர்களின் சமநிலை, தசை நீட்டும் பயிற்சி செய்தவர்களையும் எடைப்பயிற்சி செய்தவர்களையும்விட மேம்பட்டிருந்தது.

பிலாட்டீசுக்கு வரும்போது குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. முதுகுவலிக்கு அது எந்த அளவு உதவுகிறது என்று 10 ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, ஒன்றும் செய்யாமலிருப்பதைவிடவோ சிறு அறிவுரையோடு நிறுத்துவதைவிடவோ அது மேல் என்றது. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் சொன்னது. யோகம் குறித்த தொகுப்பாய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன.

வயிற்றின் ஆழ்தசை குறித்த நம்பிக்கை எப்படிப் பெருகியது என்பது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய வரலாறு. முதுகுவலி இல்லாதவர் கையைத் தூக்கும் முன்பே அவரது வயிற்றின் குறுக்குத்தசை இயங்கத் தொடங்கிவிடுகிறது, முதுகுவலி உள்ளவரிடம் அது தாமதமாகிறது என்று 1996இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். நுட்பமான, மதிப்புள்ள கண்டுபிடிப்பு. ஆனால் அதிலிருந்து, அந்த ஒரு தசையை நாள் முழுதும் உள்ளிழுத்து வைத்திருந்தால் முதுகுவலி போய்விடும் என்ற அறிவுரை உலகெங்கும் பரவியது. ஆழ்தசைகளைக் குறிவைத்த பயிற்சிகளை மற்றப் பயிற்சிகளோடு ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு, குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. தசை தேவையான கணத்தில் இயங்கித் தேவை முடிந்ததும் தளர்வதைக் கவனித்த ஆய்வு, அதை எப்போதும் இறுக்கி வைக்கும் பழக்கத்துக்குக் காரணமானது வருந்தத்தக்கது.

உள்நோக்கிய கவனத்துக்கே ஒரு வலுவான எதிர்வாதம் இருக்கிறது. அசைவுகளைக் கற்பது குறித்துக் காபிரியேலே வூல்ஃப் 1998 முதல் நடத்திய ஆய்வுகளில், தன் உறுப்புகளின் அசைவைக் கவனித்தவர்களைவிட, அசைவினால் வெளியே ஏற்படும் விளைவைக் கவனித்தவர்கள் பெரும்பாலும் நன்றாகச் செய்தார்கள். பந்தை எறிபவர் தன் முழங்கையை நினைத்தால் எறிதல் கெடுகிறது. இலக்கை நினைத்தால் கை தானே அமைகிறது. அப்படியானால் முதுகெலும்பை உணர், தோள்பட்டையை உணர் என்று ஓயாமல் சொல்லும் முறைகள் அடிப்படையிலேயே பிழையானவையா?

அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஆய்வுகளை ஒதுக்கிவிடவும் கூடாது. நன்கு பழகிய அசைவை நிகழ்த்துவது ஒரு வேலை. பழகிப்போன தவறான அசைவை அவிழ்த்து வேறுவிதமாகக் கட்டுவது இன்னொரு வேலை. அலெக்சாண்டர் இலக்கை, அதாவது கவிதையை, மட்டும் நினைத்துப் பேசிய காலத்தில்தான் அவர் குரல் கெட்டது. இரண்டாம் வேலைக்கு உள்நோக்கிய கவனம் வேண்டும். அதுவும் மெதுவான, பணயமில்லாத சூழலில் வேண்டும். முடிந்தபின் அதை விட்டுவிடவும் தெரிந்திருக்க வேண்டும். படி இறங்கும்போதும் முழங்காலையே நினைத்துக்கொண்டிருப்பவர் தடுக்கி விழக்கூடும்.

நாட்பட்ட வலியோடு வாழ்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வலி வருகிறதா வருகிறதா என்று அச்சத்தோடு உடலைக் காவல் காப்பது வலியைப் பெருக்குகிறது. ஆர்வத்தோடு கவனிப்பது வேறு, அஞ்சிக் கண்காணிப்பது வேறு. ஆசிரியர் பயன்படுத்தும் சொற்களே பல நேரங்களில் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடுகின்றன. உன் முதுகு பலவீனமானது, இந்த அசைவு ஆபத்தானது என்று சொல்லிச் சொல்லிப் பழக்குகிறவர் நெகிழ்வைத் தடுக்கும் அதே காவலை மேலும் இறுக்குகிறார்.

உடலைக் கவனிப்பதால் உடலின் எல்லாச் செய்திகளும் துல்லியமாகக் கேட்கத் தொடங்கிவிடும் என்ற எண்ணமும் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. நெடுங்காலம் தியானம் பழகியவர்கள், நாடியைத் தொடாமல் தம் இதயத்துடிப்பை உணர்வதில் மற்றவர்களைவிடத் துல்லியமாக இல்லை என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உணர்வதில் நம்பிக்கை கூடுவதும் உணர்வின் துல்லியம் கூடுவதும் ஒன்றல்ல. கண்ணாடியும் தரையும் மரக்கட்டையும் ஆசிரியரின் கையும் இம்முறைகளில் ஏன் தவிர்க்க முடியாதவை என்பதை இது மீண்டும் காட்டுகிறது.

யாருக்கு எது, எவ்வளவு

இம்முறைகளுள் எதுவும் உடலுக்குத் தேவையான எல்லாவற்றையும் தருவதில்லை. 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்புள்ள இயக்கத்தில் ஈடுபடுவதோடு, முக்கியத் தசைகளுக்கு வாரம் இரண்டு நாள்களாவது வலிமைப் பயிற்சியும் பெற வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலையை வலியுறுத்தும் பயிற்சியை வாரம் மூன்று நாள்களாவது செய்ய வேண்டும். தரையில் படுத்துச் செய்யும் நுண்ணசைவுகள் இதயத்தின் தேவையை நிறைவு செய்யா. எலும்பின் உறுதிக்குச் சுமை வேண்டும். அதை மெல்லிய சுருள்வில்லால் மட்டும் தர முடியாது.

நெகிழ்வு எல்லாருக்கும் குறைவாக இருக்கிறது என்பதும் தவறான எண்ணம். மூட்டுகள் பிறவியிலேயே மிகையாக வளையும் தன்மையுடையவர்கள் வகுப்பில் பாராட்டப்படுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது இன்னும் வளைவதற்கான ஊக்கம் அன்று, மூட்டின் எல்லைக்குச் சற்று முன்பே நிறுத்தித் தாங்கும் வலிமை. எலும்பு மெலிவு உள்ளவர்களுக்கு முதுகை உருட்டி முன்வளையும் பயிற்சிகள் முதுகெலும்பு முறிவுக்கு வழிவகுக்கலாம். சிரசாசனத்தில் கண்ணுக்குள் அழுத்தம் பெரிதும் உயர்வதால் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். இவற்றைச் சேருமுன் கேட்டறியாத ஆசிரியரிடம் சேராமல் இருப்பதே பாதுகாப்பு. பிலாட்டீஸ் என்பது பொதுப்பெயர், தனியொருவரின் வணிகக்குறி ஆகாது என்று 2000இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் அந்நாட்டில் அப்பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். பலகையில் உள்ள பெயரைக் கொண்டு கற்பிப்பவரின் தகுதியை அறிய முடியாது.

முன்னேற்றத்தை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. கால்விரலை எட்டிவிட்டோமா என்பது எளிதாகக் கண்ணில் படுவதால் பலரும் அதையே அளக்கிறார்கள். முதியோர் மருத்துவத்தில், கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 நொடிகளில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து அமர முடிகிறது என்று எண்ணிக் கால்களின் வலிமையை மதிப்பிடுகிறார்கள். அலெக்சாண்டர் உத்தியின் வகுப்பிலும் அதே நாற்காலியே இருக்கிறது. அங்கே எண்ணிக்கை இல்லை, எழ வேண்டும் என்று நினைத்த கணத்தில் கழுத்து என்ன செய்தது என்பதே கேள்வி. எண்ணிக்கையும் கூடி, எழும்போது கழுத்து இறுகுவதும் குறைந்து, மூச்சும் தடைப்படாமல் ஓடுகிறது என்றால் அந்த உடலில் வலிமையும் உணர்வும் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன. வீட்டில், யாரும் கவனிக்காத வேளையில், தொலைபேசி அடித்ததும் சட்டென்று எழும்போதும் அது அப்படியே நடக்கிறதா என்பதைச் சில மாதங்கள் கழித்துப் பார்க்கலாம்.